துணி இடிப்பவர் அன்சோவினோ சொன்ன பதில்

இத்தாலியில் கியென்தி ஆற்றங்கரையில் துணி இடிக்கும் ஆலை வைத்திருந்த அன்சோவினோவுக்கு, அவர் முதுகுக்குப் பின்னால் ஊர் வைத்த பெயர்கள் இரண்டு. பாதி வாழ்க்கை வரைக்கும் 'மூத்திரக்காரர்'. அதற்குப் பிறகு 'போகச்சொன்னவர்'. முதல் பெயர் அப்பா வழியாக வந்தது, அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவதை ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் அவராகவே சம்பாதித்துக்கொண்டார்.

முதல் பெயருக்குக் காரணம் தொழில். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். அதை வீடு வீடாகச் சேகரித்த மூத்திரத்தில் ஊறப்போட்டு, ஆற்றுத் தண்ணீர் ஓட்டும் மரச் சம்மட்டிகளுக்கு அடியில் கொடுத்து இடித்தால்தான் அது இறுகிக் குளிர் தாங்கும். கமெரினோ நகரத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற எந்தக் கனவானின் அங்கியும் இந்தத் தொட்டியில் ஊறாமல் அவர் தோளுக்கு ஏறியதில்லை. ஆனாலும் திருப்பலியின்போது அன்சோவினோ வந்து நின்றால் சுற்றிலும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாகிவிடும். அவர் மனைவி பெர்னா ஒருமுறை சொன்னாள், "நெரிசல் இல்லாம சாமி கும்பிடணும்னா உங்க பக்கத்துல நின்னா போதும்." அவள் வாய் அப்படி. ஆனால் அவள் ஒருத்திதான் கடைசிவரை பக்கத்தில் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரோமாபுரியைக் கூலிப்படை சூறையாடிய வருடம் எங்கள் மலைப்பக்கம் கொள்ளைநோய் ஏறி வந்தது. அன்சோவினோவின் தம்பி வெனான்ஸோ ஆலைக்குள்ளேயே சுருண்டு விழுந்தான். கதவைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. அண்ணனும் திறக்கவில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. அப்போது உள்ளே போனவர்தான் லிபெராத்தோ சாமி. வெறுங்கால், தாடி, ஒட்டுப்போட்ட சாக்குத் துணி அங்கி, தலையில் கூம்பு மாதிரி நீண்ட குல்லாய். வெனான்ஸோவின் கழுத்துக் கட்டியைக் கழுவி, வாயில் தண்ணீர் விட்டு, அவன் சாகும்வரை தலையை மடியில் வைத்திருந்து, பிறகு குழி தோண்டிப் புதைத்ததும் அவரே.

அந்தச் சாமியார்கள் அப்போது ஓடி ஒளிந்து வாழ்ந்த கூட்டம். புனிதர் அசிசி பிரான்சிஸ் வைத்துவிட்டுப் போன வறுமை பெரிய மடங்களில் கரைந்துபோய்விட்டது, அவர் உடுத்ததை உடுத்தி, அவர் இருந்தபடி இருக்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள். மடத்து மேலிடம் அவர்களைப் பிடித்து இழுத்துவர ஆள் அனுப்பியது. குகையிலும் காட்டிலும் கிடந்தார்கள். நோய் வந்தபோது மற்றவர்கள் ஒளியப் போனார்கள், இவர்கள் ஒளிந்த இடத்திலிருந்து வெளியே வந்தார்கள். தெருப்பிள்ளைகள் அவர்கள் பின்னாலேயே "குல்லாய், குல்லாய்" என்று கத்திக்கொண்டு ஓடும். எங்கள் பேச்சில் குல்லாய்க்குக் 'கப்புச்சோ' என்று பேர், அவர்களுக்குக் கப்புச்சின் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெரிய இடத்தில் யாரோ யோசித்து வைத்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

நோய் ஓய்ந்து, வேட்டையும் ஓய்ந்து, அவர்களுக்கென்று திருத்தந்தையின் அனுமதியும் வந்தபிறகு தங்க இடம் தேடினார்கள். ஆலைக்கு மேலே குன்றில் ஓர் இடிந்த சிற்றாலயமும் கொஞ்சம் கஷ்கொட்டை மரங்களும் அன்சோவினோவுக்குச் சொந்தமாக இருந்தன. வைக்கோல் போட்டுவைக்க வாங்கியது. "எடுத்துக்கங்க சாமி" என்றார். வெனான்ஸோவை நினைத்துத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் மனசில் கள்ளம் எதுவும் இல்லை.

"எடுத்துக்க முடியாது ஐயா. கடனாக் கொடுங்க" என்றார் ஜொவெனாலே சாமி. அவர்தான் அந்தச் சின்னக் கூட்டத்துக்குத் தலைவர். நெசவுக்காரர் மகன், அகன்ற தோள், பேசும்போது கையை அங்கிக்குள் செருகிக்கொள்வார்.

அவர்கள் குச்சியும் களிமண்ணும் வைத்து அறைகள் கட்டிக்கொண்டார்கள். நெட்டையான ஆள் கால் நீட்டினால் சுவரில் இடிக்கும், கதவுக்குள் குனியாமல் நுழைய முடியாது. காசைக் கையால் தொடமாட்டார்கள். அன்றன்று பிச்சையெடுத்த ரொட்டி, தோட்டத்து முட்டைக்கோஸ், கஷ்கொட்டை. அடுத்த வாரத்துக்கு என்று எதையும் எடுத்துவைக்க மாட்டார்கள்.

அடுத்த அக்டோபரில், பிரான்சிஸ் திருநாள் முடிந்த வாரத்தில், ஜொவெனாலே துணைக்கு ஒரு சகோதரரோடு ஆலைக்கு இறங்கி வந்தார். அன்சோவினோ முழங்கைவரை தொட்டிக்குள் இருந்தார். சாமி அப்படியே ஈரத்தரையில் மண்டியிட்டார்.

"ஐயா, ஒரு வருஷம் உங்க இடத்துல இருக்க விட்டீங்க. நன்றி. இப்போ உங்க இடத்தை உங்ககிட்டயே திருப்பிக் கொடுக்கறோம். மனசிருந்தா இன்னொரு வருஷத்துக்குக் கடனாக் கொடுங்க."

"என்ன சாமி இது, எழுந்திருங்க. யாரு கேட்டா உங்களை? இருங்க, இருங்க, காலம்பூரா இருங்க."

"ஒரு வருஷம் போதும் ஐயா. வருஷா வருஷம் கேட்டுக்கறோம். எங்க வழக்கம் அது."

அன்று அன்சோவினோ உண்மையாகவே கூசிப்போனார். தன்னுடைய நாற்றம் பிடித்த கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அந்தக் கூச்சம் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாம் வருடம் அந்த வாரத்தில் கையைக் கழுவிவிட்டுத் தயாராக இருந்தார். மூன்றாம் வருடம், நிற்கிறவனிடம் ஒருவர் மண்டியிட்டுக் கேட்பது அவ்வளவு நன்றாக இல்லை என்று தோன்ற, கமெரினோவிலிருந்து சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று வாங்கிவந்தார். அதற்குள் ஊரில் 'அன்சோவினோவின் சாமியார்கள்' என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். கோவிலில் அவரைச் சுற்றி இருந்த காலி இடம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. பத்திரம் எழுதுகிற பால்தோ, நகரத்துப் படிப்பு படித்தவர், தெருவில் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டார். வாழ்நாளில் யாரும் கேட்டு வந்து நிற்காத மனிதருக்கு, ஊரே கையெடுக்கிற ஒருவர் வருடம் தவறாமல் வந்து காலடியில் மண்டியிட்டால் என்ன ஆகும்? தலைக்கு ஏறும். ஏறியது.

"கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி" என்று நாங்கள் சொல்வோம், அப்படித்தான் அவர் அக்டோபருக்குக் காத்திருந்தார். நான்காம் வருடம் நாற்காலியைத் தானே துடைத்துப்போட்டபோது பெர்னா கேட்டாள், "சாமி வந்து மண்டியிடப்போறது மாதா சிலைக்கா, உங்களுக்கா?"

"உனக்கு என்ன தெரியும். உரிமைக்காரன்கிட்ட கேட்கிறது அவங்க சட்டம்."

"உரிமைக்காரன். தம்பி செத்துக்கிடந்தப்ப அந்தக் கதவுக்கும் நீங்கதான் உரிமைக்காரர்" என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வருடம் விருந்தே வைத்தார். முற்றத்து வாதுமை மரத்தடியில் மேசை, பெருஞ்சீரகம் திணித்த பன்றி கம்பியில் திரும்பிக்கொண்டிருந்தது, புது திராட்சரசம். பால்தோ வந்தார். சாயக்காரர் மரியோத்தோ வந்தார். பங்குச்சாமியாரும் வந்து நல்ல துண்டு கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். ஜொவெனாலே வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் எல்லாரையும் அழைத்திருந்தார் அன்சோவினோ. சாய்மான நாற்காலி மேசையின் தலைமாட்டில்.

ஜொவெனாலே வந்தார், மண்டியிட்டார், நன்றி சொன்னார், இடத்தைத் திருப்பிக் கொடுத்தார், இன்னொரு வருடத்துக்குக் கேட்டார். அதே வார்த்தைகள். அன்சோவினோ பதில் சொல்ல அவசரப்படவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று திராட்சரசத்தை ஒரு வாய் குடித்தார்.

அப்போதுதான் பால்தோ பக்கத்தில் இருந்த மரியோத்தோவிடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "அழகான நாடகம். அவர் கேட்கிற மாதிரி கேட்பார், இவர் கொடுக்கிற மாதிரி கொடுப்பார். இவரால இல்லைன்னு சொல்ல முடியுமா என்ன? சொன்னா ஊர் தோலை உரிச்சிடாதா? குன்று சாமியார்களுக்குப் போய் ரொம்ப நாளாச்சு, இவருக்கு மிச்சம் அந்த நாற்காலிதான்" என்றார்.

மரியோத்தோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்சோவினோவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"இந்த வருஷம் இல்லை சாமி" என்றார்.

அவர் மனசில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடுவீர்கள். கல்நெஞ்சன் இல்லை, அதைவிட அற்பமான ஒன்று. சாமி திடுக்கிடுவார், இன்னொரு தடவை கேட்பார், கெஞ்சுவார், அப்போது பால்தோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'சரி, போய் இருங்க' என்று பெரிய மனசு பண்ண வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அந்த இரண்டாவது வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

ஜொவெனாலே திடுக்கிடவில்லை. முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட ஓடவில்லை. "சரிங்க ஐயா. இவ்வளவு வருஷம் கொடுத்தீங்க, அதுக்கு நாங்க உங்களுக்குக் கடன்பட்டவங்க. உங்க பொருளை நீங்க வச்சுக்கறதுல எங்களுக்கு என்ன குறை. கடவுள் உங்க வீட்டை ஆசீர்வதிக்கட்டும்" என்றார். குனிந்து அன்சோவினோவின் பாதத்தை முத்தமிட்டார். எழுந்து துணைச் சகோதரரோடு போய்விட்டார்.

அவர்களுடைய விதி அது. கேட்கலாம், நெருக்கக்கூடாது. உரிமைக்காரர் இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கிளம்ப வேண்டும். அன்சோவினோவுக்கு இது தெரியாது. கேட்கும் பாதியை மட்டும்தான் அவர் இத்தனை வருடமும் ரசித்திருந்தார்.

பங்குச்சாமியார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பால்தோதான் கடைசியில், "முடியும்போல" என்றார்.

உள்ளேயிருந்து பெர்னா ஓடிவந்தாள். "என்ன மனுஷன் நீங்க. போங்க, ஓடிப்போய்க் கூப்பிடுங்க."

"வருவார். எங்கே போவார்? மேலே நடக்கமாட்டாத ஒரு கிழவர் இருக்கார். சாயந்தரம் எல்லாருமா வந்து கேட்பாங்க."

"அவங்க கேட்கமாட்டாங்க."

"நீ உள்ளே போ."

சிறிது நேரத்தில் மழை பிடித்தது. விருந்தாளிகள் தாழ்வாரத்துக்கு நகர்ந்தார்கள். குன்றிலிருந்து இறங்கும் பாதை முற்றத்துச் சுவரை ஒட்டித்தான் போகும். அதில் சாமியார்கள் வந்தார்கள், கையில் செபப்புத்தகம் தவிர ஒன்றும் இல்லை. கடைசியாக ஜொவெனாலே, முதுகில் லிபெராத்தோ கிழவர். கால் வீங்கி இரண்டு வருடமாக எழுந்து நடக்காதவர். குல்லாயிலிருந்து தண்ணீர் அவர் தாடி வழியாக ஜொவெனாலேயின் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டைத் தாண்டும்போது கிழவர் கையைத் தூக்கிச் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார்.

தாழ்வாரத்திலிருந்து சுவருக்குப் பத்து எட்டு இருக்கலாம். அன்சோவினோ எழுந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எழுந்தவர் அடுப்புப் பக்கம் திரும்பி, பன்றி தீய்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் வளைவைத் தாண்டும்வரை குனிந்தே இருந்தார். இல்லை என்று சொன்னது அவசரத்தில் வந்த வார்த்தை, அதை யாரும் மன்னித்துவிடலாம். இப்படிக் குனிந்ததை அவர் சாகும்வரை தனக்கு மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை குன்றுக்கு ஏறினார். கதவுகள் திறந்திருந்தன. தரை பெருக்கியிருந்தது. வெட்டின விறகு சுவரோரம் அடுக்கியிருந்தது, தோட்டத்துக்குக் கடைசித் தண்ணீரும் பாய்ச்சியிருந்தார்கள். வந்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது இடம். லிபெராத்தோவின் அறையில் வைக்கோல் படுக்கைமேல் ஒரு கம்பளிப் போர்வை மடித்து வைத்திருந்தது. போன குளிர்காலத்தில் அன்சோவினோவே தன் கையால் இடித்துக் கனமாக்கி, கிழவருக்காகக் கொடுத்தனுப்பியது. 'இடத்துக்குக் கொடுத்த பொருள்' என்று அதையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்படியானால் கிழவர் அந்த மழையில் போர்வை இல்லாமல் போயிருக்கிறார். அன்சோவினோ அந்தப் படுக்கையில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதார். பிறகு போர்வையை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பக்கம் நடந்தார்.

கிணற்றடியில் பெண்கள் நின்றார்கள். "மழை விட்டபிறகு போர்வை போகுது பாரு" என்று ஒருத்தி சொன்னாள். அவர் போர்வையை மார்போடு இறுக்கிக்கொண்டு நடந்தார்.

மலைக்கு அந்தப் பக்கம், தியால்தா என்ற விதவை ஆடு வைத்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய காலி ஆட்டுக்குடிலில் அவர்கள் இருந்தார்கள். கூரை பாதி ஓட்டை. அன்சோவினோ வாசலிலேயே மண்டியிட்டார். ஜொவெனாலே பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"திட்டுங்க சாமி. ரெண்டு அறை விடுங்க."

"எதுக்கு ஐயா?"

"நான் செஞ்சதுக்கு."

"உங்க இடம், நீங்க கொடுக்கலை. இதுல செஞ்சது என்ன?"

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அந்தப் பத்திரக்காரன் முன்னாடி. நீங்க இன்னொரு தடவை கேட்பீங்கன்னு நினைச்சேன்."

ஜொவெனாலே கையை அங்கிக்குள் செருகிக்கொண்டார். "அது எனக்குத் தெரியாம போச்சு" என்றார்.

"இப்ப வாங்க. கிழவரை நான் தூக்கிக்கறேன்."

"நேத்து ராத்திரி இந்த அம்மாகிட்ட ஒரு வருஷத்துக்குக் கேட்டு வாங்கிட்டோம். அவங்க ஆட்டை வெளியே கட்டிட்டு எங்களுக்கு இடம் கொடுத்திருக்காங்க. இதைவிட நல்ல இடம் கிடைச்சதும் போயிட்டோம்னா அவங்க முகத்தை எப்படிப் பார்க்கிறது?"

தியால்தா பாலைக் கலக்கிக்கொண்டே, "என் முகத்தை விடுங்க சாமி. இவரு முகத்தை இவரு எப்படிப் பார்க்கறாருன்னு கேளுங்க" என்றாள்.

லிபெராத்தோ மூலையில் இருமிக்கொண்டு படுத்திருந்தார். போர்வையைப் பார்த்ததும், "தம்பி, இது அந்த இடத்துக்கா, இந்த இடத்துக்கா?" என்றார்.

"உங்களுக்கு சாமி. உங்களுக்கு மட்டும்."

"நமக்குன்னு ஒண்ணும் கிடையாதே. சரி, கடனாக் கொடு. ரொம்ப நாளைக்கு வேண்டியிருக்காது." அவர் சிரித்தார். அன்சோவினோ போர்வையை அவர்மேல் விரித்து, வீங்கின காலைச் சுற்றிச் செருகினார். சாமியார்களில் யாராவது ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் அவருக்கு மூச்சு வந்திருக்கும். சொல்ல அவர்களில் ஆள் இல்லை. கோபமே இல்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கோவேறு கழுதையில் பலகையும் கல்தகடும் ஏற்றிப்போய் தியால்தாவின் கூரையை வேய்ந்தார். "ஏம்ப்பா, நல்ல கூரையில இருந்தவங்களை அனுப்பிட்டு ஓட்டைக் கூரையை அடைக்கறியே, உங்க ஊர்ல இதுக்குத்தான் உழைப்புன்னு பேரா?" என்று அவள் கேட்பாள். கேட்கட்டும் என்றுதான் அவர் போனார். அந்த வீட்டில் அவளிடம்தான் அவருக்குத் தேவைப்பட்டது கிடைத்தது.

லிபெராத்தோ கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னால் செத்துப்போனார். அதற்கு முந்தின வாரம் அன்சோவினோ அவர் காதருகே குனிந்து கேட்டார், "அன்னிக்கு நனைஞ்சதுனாலதானே சாமி?"

"எனக்கு எழுபது தாண்டிடுச்சு. மழை பாவம், அதை ஏன் இழுக்கறே" என்றார் கிழவர். "உன் தம்பியைப் பார்த்தா அண்ணன் கூரை வேயறான்னு சொல்றேன்."

இதை அன்பாகத்தான் சொன்னார். அன்சோவினோ குடிலுக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். தம்பியின் கழுத்தைக் கழுவின கையை மழையில் அனுப்பியவன் நான் என்ற நினைப்பு அவரை அறுத்தது.

ஊரில் புதுப்பெயர் நிலைத்துவிட்டது. தெருப்பிள்ளைகள் அவர் எதிரே வந்தால், "இந்த வருஷம் இல்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சிரிப்பார்கள். ஆலைக்குத் துணி வந்தது, ஏனென்றால் கரையில் வேறு ஆலை இல்லை. கொண்டுவந்தவர்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். கோவிலில் பழைய காலி இடம் திரும்பி வந்தது, அவரும் கதவோரம் தூணுக்குப் பின்னால் நிற்கப் பழகிக்கொண்டார். சாய்மான நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்டாள் பெர்னா. அவர் தடுக்கவில்லை. பால்தோவுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அவர் அந்தக் கதையை நகரத்தில் சொல்லிச் சொல்லி நாலு விருந்து சாப்பிட்டிருப்பார். எங்கள் ஊரில் நீதி அந்த அளவுக்குத்தான் நடக்கும்.

மறு அக்டோபரில் ஜொவெனாலே தியால்தாவிடம் குடிலைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு வருடத்துக்குக் கேட்டார். அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, குடித்தனம் வைக்க அந்தக் குடிலை விட்டால் வேறு இடம் இல்லை. அவள் அழுதுகொண்டே இல்லை என்றாள். அவர்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. அன்றே அவர்கள் எங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறார்கள் என்று ஆட்டுக்காரர்கள் வழியாகச் செய்தி வந்துவிட்டது.

அன்சோவினோ வேலையை நிறுத்திவிட்டு முற்றத்தில் நின்றார். உட்கார அவருக்குத் தைரியம் இல்லை. தம்மிடம் வருவார்களா, மரியோத்தோவின் களத்துக்குப் போவார்களா என்று தெரியாது. இரண்டாவது வழியில் போனால் அதுவும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார், ஆனால் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவருக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. 'போகச்சொன்னவர்' என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

வந்தார்கள், அத்தனை பேரும். ஜொவெனாலே வாசலைத் தாண்டி முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் மண்டியிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அன்சோவினோ முந்திக்கொண்டார்.

"சாமி, கேட்காதீங்க. குன்று உங்களுக்கே. தானமா, நிரந்தரமா. இத்தனை பேர் சாட்சி. இனிமே யார்கிட்டேயும் நீங்க கேட்க வேண்டாம்."

சுவருக்கு வெளியே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜொவெனாலே தலையை ஆட்டினார்.

"வாங்க முடியாது ஐயா. வாங்கினா நாங்க உரிமைக்காரங்க ஆயிடுவோம். நீங்க வச்சுக்கணும். நாங்க கேட்கணும். மனசில்லைன்னா நீங்க இல்லைன்னு சொல்லணும்."

"சொல்லமாட்டேன் சாமி. சத்தியமா சொல்லமாட்டேன்."

"சொல்ல முடியறதா இருக்கணும். இல்லைன்னா நாங்க கேட்கிறது வெறும் சடங்கு."

"அப்படின்னா வருஷா வருஷம் இங்கே வந்து…"

"ஆமா. வருஷா வருஷம்."

எந்த நிமிஷத்தை அன்சோவினோ வாழ்க்கையிலிருந்து கிள்ளியெறிய நினைத்தாரோ, அதை வருடம் ஒருமுறை கையில் கொடுக்கிறோம் என்கிறார்கள். தண்டனை என்று சொல்லிக் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார். அவர்கள் நம்பிக் கொடுத்தார்கள்.

"இன்னொண்ணு நான் உங்ககிட்ட ஒத்துக்கணும்" என்றார் ஜொவெனாலே. கை வழக்கம்போல அங்கிக்குள் போய்விட்டது, காது சிவந்திருந்தது. "எங்க சகோதரர்கள் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், உங்ககிட்ட சொல்லலை. போன வருஷம் நான் இங்கே கேட்க வந்தப்போ மேலே முட்டைக்கோஸ் கொதிச்சிட்டிருந்தது. சகோதரர்கள் பாத்தி வெட்டிட்டிருந்தாங்க, அடுத்த வசந்தத்துக்கு. நீங்க சரின்னுதான் சொல்வீங்கன்னு அத்தனை வருஷமும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். கேட்கிற மாதிரி கேட்டிருக்கேன், அவ்வளவுதான். அந்தப் பத்திரக்காரர் என்னைப் பத்தியும்தான் சரியாச் சொன்னார். நீங்க இல்லைன்னு சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைச்சது. ரொம்ப வெட்கமா இருந்தது ஐயா. இனிமே அப்படி வரமாட்டோம். உறைக்க வச்சதுக்கு நன்றி."

நன்றி சொன்னார் அதற்கு. தப்பு செய்தவருக்கு, அந்தத் தப்புக்காகவே, ஊர் முன்னால் நன்றி. அன்சோவினோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே நின்றவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஜொவெனாலே மண்டியிட்டு, புதிதாகக் கேட்பவர் மாதிரி முழுசாகக் கேட்டார். "இருங்க" என்று அன்சோவினோ சொன்னார். அது பாதிதான் கேட்டது, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் பல வருடம் வாழ்ந்தார். ஆலை ஓடியது, பெர்னா அவரைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தாள், அவர் வெனான்ஸோவின் புதைகுழிக்கு வாரம் தவறாமல் போனார். ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த வாரத்தில் சாமியார்கள் விடியும்போதே அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, தரையைப் பெருக்கி, நோயாளி இருந்தால் முதுகில் தூக்கிக்கொண்டு, ஒருவர் மிச்சமில்லாமல் இறங்கி வந்து அவர் முற்றத்தில் மண்டியிட்டார்கள். அவர் சரி என்று சொன்னபிறகுதான் மேலே ஏறிப் புதிதாக நெருப்பு மூட்டுவார்கள். அன்று காலை முழுக்கக் குன்றின்மேல் புகை இருக்காது. மறுபடி புகை தெரிகிறவரை அன்சோவினோ தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.